மருந்துக்குள் மறைந்திருந்த நோய்: வேலூர் வட்டாரத்தில் ஸ்க்ரப் டைஃபஸ்

(காட்பாடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



இந்த வட்டாரத்துத் தொற்றுநோய் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயை எடுத்துக்கொள்வேன் என்று நண்பர்கள் சிலர் நினைத்தார்கள். நியாயம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகள் வரிசையாக நிற்கும் பகுதி இது. அடைப்பான் கிருமி தோலோடும் உரோமத்தோடும் ஊர்விட்டு ஊர் போகக்கூடியது. அதன் வித்துகள் மண்ணில் பல்லாண்டு கிடந்தாலும் சாவதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) நுண்ணுயிரியல் துறையில் எம்.கே. லலிதா இதில் நெடுங்காலம் உழைத்தார். தென்னிந்தியாவில் இது தீராத சிக்கலாகத் தொடர்கிறது என்று 1996-இல் எழுதவும் செய்தார். ஆனாலும் அடைப்பான் என்றால் ஊருக்கே பயம் உண்டு. ஆடு திடீரென்று செத்தால் நாலு பேர் விசாரிக்கிறார்கள். நான் பேச வந்தது, யாருமே விசாரிக்காமல் விட்ட ஒரு நோயைப் பற்றி.

ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வேலூர் மருத்துவமனைகளில் ஐப்பசி பிறந்ததும் வரத் தொடங்கி மாசி வரை வந்துகொண்டேயிருக்கும் காய்ச்சல். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மருத்துவம் படித்தவர்களுக்கு இது பாடநூலில் ஒரு பத்தி. இன்று வார்டில் பாதி. அப்படியானால் இது புதிதாக வந்ததா?

வரவில்லை என்பதுதான் என் வாதம். இந்த நோய் இங்கேயே இருந்தது. வேறொரு நோய்க்கு நாம் கொடுத்த மருந்து இதையும் தற்செயலாகக் குணப்படுத்தியது. குணப்படுத்தியதாலேயே கண்ணில் படாமல் மறைத்தும் வைத்தது. அந்த மருந்தைக் கைவிட்ட பிறகு நோய் வெளியே வந்தது. வெளியே வந்ததைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேலூரில் இருந்தார்கள். இதை ஐந்து கூறுகளாகச் சொல்கிறேன்.

1

முதலில் கிருமியும் அதைச் சுமக்கும் சிற்றுண்ணியும். இந்த நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்பது ஒரு பாக்டீரியா. ஆனால் பரிசோதனைக்கூடத் தட்டில் வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். மனித உடலில் அது குறிவைப்பது இரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை. இரத்தக்குழாய் இல்லாத உறுப்பு ஏது? அதனால்தான் ஒருவருக்கு நுரையீரல் கெடுகிறது, இன்னொருவருக்குச் சிறுநீரகம், வேறொருவருக்கு மூளைக்காய்ச்சல்போல் வருகிறது. பெனிசிலினும் செஃபலோஸ்போரின் வகை ஊசிகளும் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள். இந்தக் கிருமிக்கு அப்படிச் சொல்லும்படியான சுவரே இல்லை. எத்தனை விலை உயர்ந்த ஊசியாக இருந்தாலும் அந்த வகையில் பயன் கிடையாது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி சிற்றுண்ணி. மாட்டின் காதில் தொங்கும் உண்ணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும். நம்மைக் கடிக்கும் பருவத்தில் இது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. முட்டை, லார்வா, நிம்ஃப், முதிர்ந்த உண்ணி என்று அதன் வாழ்க்கையில் பருவங்கள் உண்டு. முதிர்ந்தவை மண்ணிலேயே சிறு பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழ்கின்றன, நம்மைச் சீண்டுவதில்லை. லார்வா மட்டும்தான் கடிக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. ஆறு கால்களோடு புல் நுனியில் ஏறிக் கூட்டமாகக் காத்திருக்கும். எலி போனால் எலி, மனிதன் போனால் மனிதன். உடம்பில் ஏறியதும் மெல்லிய தோலைத் தேடி நகரும். கடித்தபின் இரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலின் திசுவைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். இரண்டு மூன்று நாள் அப்படியே ஒட்டியிருந்துவிட்டுத் தானாக விழுந்துவிடும். வலி இல்லை, கடிபட்டவருக்குச் செய்தியே தெரியாது.

வாழ்நாளில் ஒரே முறை கடிப்பது எப்படி நோயைப் பரப்பும்? ஒரு எலியிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க அதற்கு இரண்டாம் வாய்ப்பே இல்லையே! விடை தாய் உண்ணியிடம் இருக்கிறது. கிருமி தாயிடமிருந்து முட்டைக்கே இறங்கிவிடுகிறது. பிறக்கும்போதே லார்வா கிருமியோடு பிறக்கிறது. ஆக, நோயைச் சுமப்பதும் தேக்கி வைப்பதும் சிற்றுண்ணியே; எலி அதற்குச் சோறு போடும் வீடு, அவ்வளவுதான். எலியை ஒழித்துவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டு வீடு மூடினால் பசித்த லார்வா வேறு ஆளைத் தேடும்.

இன்னொன்று. சிற்றுண்ணி ஊர் முழுக்கப் பரவலாக இருப்பதில்லை. ஒரு ஏரிக்கரையின் ஒரு புதர் ஓரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இருபது அடி தள்ளி ஒன்றும் இருக்காது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் இருவருக்கு வருகிறது, பக்கத்து வீட்டில் யாருக்கும் வருவதில்லை. கொள்ளைநோய் என்றால் தெருவையே வளைத்துப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கும் நமக்கு இது நோயாகவே தோன்றுவதில்லை. ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

2

இரண்டாவது, மருந்தின் கதை. இதை மருந்தியல் வகுப்பில் சொல்கிறார்களா என்று தெரியவில்லை, சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அசாம்–பர்மா எல்லையில் போரிட்ட படைகளை ஸ்க்ரப் டைஃபஸ் வாட்டி எடுத்தது. அப்போது அதற்குச் சரியான மருந்தே கிடையாது. போர் முடிந்தபின், வெனிசுவேலாவின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து குளோராம்பெனிகால் என்ற புதிய ஆன்டிபயாடிக் கிடைத்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1948-இல் கோலாலம்பூருக்குப் போனது. அங்கே ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் ஏராளம். மருந்து அபாரமாக வேலை செய்தது. ஸ்க்ரப் டைஃபஸ் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் ஓரிருவருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் தேறியிருந்தார்கள்! டைஃபாய்டுக்கு உலகில் முதல் மருந்து அப்படித்தான், தப்பாகக் கணித்த நோயாளிகளின் படுக்கையில், கண்டுபிடிக்கப்பட்டது.

அதன்பின் நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். குளோராம்பெனிகால் மலிவாகக் கிடைத்தது. டைஃபாய்டு மருந்து என்றே பெயர் வாங்கியது. ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் டைஃபாய்டு என்று முடிவு செய்து அதைக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் டெட்ராசைக்ளின். இரண்டுமே ஸ்க்ரப் டைஃபஸை அடக்கக்கூடியவை. நோயாளி மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி குடித்தார். ‘டைஃபாய்டு வந்து பிழைத்தேன்’ என்று ஊரில் சொல்லிக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது டைஃபாய்டு? கணக்கெடுக்க இனி வழியில்லை.

1972-இல் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. 1980-களின் இறுதிக்குள் பல மருந்துகளுக்கு அடங்காத டைஃபாய்டு நாடெங்கும் பரவிவிட்டது. இரத்த உற்பத்தியைக் கெடுக்கும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, மருத்துவர்கள் குளோராம்பெனிகாலை விட்டு சிப்ரோஃப்ளாக்சசினுக்கும், பிறகு செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்கும் மாறினார்கள். டைஃபாய்டுக்கு அது சரியான முடிவு. ஆனால் செஃப்ட்ரையாக்சோன் செல்சுவரைத் தாக்கும் மருந்து. ஸ்க்ரப் டைஃபஸைத் தொடாது. சிப்ரோஃப்ளாக்சசினும் இதில் நம்பத்தகுந்தது அல்ல. தொண்ணூறுகளிலிருந்து ஊசி போட்டும் விடாத காய்ச்சல்கள், காய்ச்சலோடு மூச்சுத்திணறல்கள், காரணம் தெரியாத உறுப்புச் செயலிழப்புகள் பெரிய மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கின.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. நிலப்பயன்பாடு மாறியது, தரிசு பெருகியது, சீமைக்கருவேல் ஏரிகளுக்குள் புகுந்தது, சோதனை வசதி கூடியது. இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். மருந்து மாறியதுதான் முதன்மைக் காரணம் என்று ஆய்வுக்கூடத்தில் நிறுவ முடியாது. ஆனால் வேறெந்த விளக்கமும் கால வரிசையோடும், நாட்டின் பல மூலைகளிலும் நோய் ஏறக்குறைய ஒரே பருவத்தில் தலைகாட்டியதோடும் இவ்வளவு பொருந்தவில்லை என்பது என் கணிப்பு. தரிசு நிலம் இமயமலை அடிவாரத்திலும் பாலாற்றங்கரையிலும் ஒரே பத்தாண்டில் ஒரே மாதிரி மாறாது; மருந்துச்சீட்டு மாறும்.

3

மூன்றாவது, ஏன் வேலூர்? பெரிய மருத்துவமனை இருந்தது என்பது பாதி விடைதான். காட்பாடி ஜங்ஷனில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். ஹவுராவிலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் வண்டிகளில் ஸ்கேன் உறைகளைக் கையில் பிடித்தபடி குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். அத்தனை பேரும் சிஎம்சிக்குத்தான். அப்படித் தொலைவிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் இங்கே சுற்றுப்புறத்துக் காய்ச்சலைத் தேடும் பழக்கம் ஒன்று வெகுநாளாக உண்டு.

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-இல், இதே வேலூரில், வட ஆர்க்காடு மாவட்டத்துப் பிள்ளைகளிடம். குழந்தை மருத்துவர் வெப் அதை எழுதினார். புனே வைரஸ் ஆய்வு மையத்தினர் உறுதி செய்தனர். பிறகு ரேச்சல் ரூபன் இந்த மாவட்டத்துக் கொசுக்களை இனம் இனமாகப் பிரித்து ஆராய்ந்தார். நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் உழைப்பு. எண்பதுகளில் வைரஸ் இயலாளர் டி. ஜேக்கப் ஜான் ‘நாடி’ என்ற நோய்க் கண்காணிப்பு முறையைத் தொடங்கினார். தனியார், அரசு, மிஷன் என்று எல்லா மருத்துவமனைகளும் குறிப்பிட்ட சில நோய்களைக் கண்டால் தபால் அட்டையில் எழுதிப் போட வேண்டும். திரும்ப அவர்களுக்கு மாதந்தோறும் செய்தி மடல் வரும். கணினி இல்லாத காலம். எழுதிப் போட்டவருக்குப் பதில் வந்ததால்தான் எழுதுவது தொடர்ந்தது என்பேன். 1998-இல் லான்செட் இதழ் வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி என்று இதை வெளியிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் 2001 அக்டோபர் முதல் 2002 பிப்ரவரி வரை விளங்காத காய்ச்சல்கள் வந்தபோது எலிசபெத் மத்தாயும் அவருடைய சகாக்களும் ஸ்க்ரப் டைஃபஸைச் சந்தேகித்து, மாதிரிகளைச் சோதித்து, 28 பேரை அடையாளம் கண்டார்கள். தென்னிந்தியாவின் குளிர் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் என்று 2003-இல் அது கட்டுரையாக வந்தது. 28 என்பது சிறிய எண். ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லா வேலைக்கும் அதுதான் கால்கோள்.

4

நான்காவது கூறில்தான் நான் சற்று அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிலருக்குச் சிறு புண் உண்டாகும். நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பால் சுட்டதுபோல் இருக்கும். எஸ்கார் என்கிறார்கள். அது ஒன்றைக் கண்டுவிட்டால் இரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த முதல் 28 பேரில் எஸ்கார் தெரிந்தவர்கள் மிகச் சொற்பம். இந்தியர்களின் தோல் நிறத்தில் எஸ்கார் தெரியாது என்றுகூடச் சில காலம் சொல்லப்பட்டது. பின்னர் சிஎம்சியில் ஜார்ஜ் எம். வர்கீஸ் குழுவினர் 2005 முதல் 2010 வரை வந்த 623 நோயாளிகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். அதில் எஸ்கார் இருந்தவர்கள் 43.5 சதவீதம். சில ஆண்டுகளில் கிருமி குணம் மாறிவிடவில்லை. தேடியவர்களின் கண் மாறியது.

எப்படித் தேடினார்கள்? புல்லிலிருந்து காலில் ஏறும் லார்வா மேல்நோக்கிப் போகும். துணி இறுகியிருக்கும் இடத்தில் தடைபட்டு நின்று கடிக்கும். ஆணுக்கு அரைஞாண் கயிறு, கால்சட்டை இடுப்புப் பட்டி, அதற்குக் கீழே தொடை இடுக்கு. பெண்ணுக்குப் பாவாடை நாடா பதியும் இடம், மார்பின் அடி மடிப்பு, அக்குள். குழந்தைகளுக்குக் காதின் பின்புறம்கூட. ஈரமான மடிப்புகளில் கருப்புப் பொருக்கு கட்டாது. மஞ்சள் படிந்த மேலோட்டமான புண்ணாக இருக்கும். பார்த்தவர் வேர்க்குரு சொறிந்தது என்று தள்ளிவிடுவார். “உடம்புல எங்கனா கொப்பளம் கிப்பளம் இருந்துச்சாம்மா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றுதான் பதில் வரும். பொய் அல்ல, அவருக்குத் தெரியாது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை, கண் படாத இடம். கேட்டால் கிடைக்காது, திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் பிடித்து, ஒரு செவிலியர் உடனிருக்க, தலை முதல் கால் வரை பார்த்தால்தான் கிடைக்கும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் புடவை கட்டிய ஓர் அம்மாவை அப்படிப் பார்ப்பது எளிதா? இடம் வேண்டும், நேரம் வேண்டும், பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும். எஸ்கார் இல்லாத நோயாளிகள் என்று நாம் எழுதியவர்களில் பலர், மறைவான ஓர் அறை இல்லாத நோயாளிகள்.

சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வைல்-ஃபெலிக்ஸ் என்ற பழைய சோதனை மலிவானது. தொடர்பே இல்லாத புரோட்டியஸ் பாக்டீரியாவைக் கொண்டு மறைமுகமாகக் கண்டுபிடிப்பது. பாதிப் பேரைத் தவறவிட்டுவிடும். ஐஜிஎம் எலைசா நல்ல சோதனை, ஆனால் காய்ச்சலின் முதல் சில நாட்களில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது. எனவே நாலாம் நாள் ‘நெகட்டிவ்’ என்ற தாளைப் பார்த்து நோய் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து.

5

ஐந்தாவது, சிகிச்சை. டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். விலை சில ரூபாய்கள். கேள்வி, முற்றிய நிலையில் வருபவர்களுக்கு என்ன செய்வது என்பது. டாக்சிசைக்ளின் போதுமா, அசித்ரோமைசின் மேலா, இரண்டையும் சேர்க்கலாமா? சேர்ப்பதற்குத் தர்க்கம் உண்டு: இரண்டும் கிருமியின் புரத உற்பத்தியைத்தான் தடுக்கின்றன, ஆனால் வெவ்வேறு கட்டங்களில். தர்க்கம் இருந்தால் போதாது, சோதிக்க வேண்டும்.

வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்கள் சேர்ந்து அதைச் செய்தன. உறுப்புகள் பாதிக்கப்பட்ட 794 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஏழு நாள் நரம்பு வழியாக மருந்து கொடுத்தார்கள். 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. இருபத்தெட்டு நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளும் தீராத உறுப்புச் சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் சேர்த்துக் கொடுத்த குழுவில் 33 சதவீதம். டாக்சிசைக்ளின் மட்டும் எடுத்தவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் எடுத்தவர்களில் 48. எழுபது ஆண்டுக்கு மேலாகச் சரியான விடையில்லாமல் கிடந்த கேள்விக்கு நம் ஊர் மருத்துவர்கள் சொன்ன விடை.

பாராட்டும்போது ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. இறப்பை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேர்த்துக் கொடுத்த மருந்து நோயாளியைச் சீக்கிரம் தேற்றியது. சாவு எண்ணிக்கையை மாற்றவில்லை. இரத்தக்குழாய்கள் சேதமாகி, நுரையீரலில் நீர் கோத்த பிறகு கிருமியைக் கொன்றாலும் சேதம் உடனே சரியாகாது. அப்படியானால் உயிரைத் தீர்மானிப்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்த மருந்து என்பதைவிட, முதல் டாக்சிசைக்ளின் மாத்திரை காய்ச்சலின் எத்தனையாவது நாளில் விழுங்கப்பட்டது என்பது. அந்த நாளைத் தீர்மானிப்பவர் குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ முதலில் நாடி பிடிக்கும் மருத்துவர்.

நோய் எவ்வளவு பரவலானது என்பதைப் பார்த்தால் இதன் எடை புரியும். சிஎம்சியும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தன. 2025-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஓராண்டில் மக்களில் பத்து சதவீதம் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை, அல்லது வந்து போய்விடுகிறது. ஒரு சிலருக்கு முற்றுகிறது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் கிருமியின் இனவகைகள் பல. அதனாலேயே தடுப்பூசியும் இதுவரை இல்லை.

எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, வயலுக்கோ காட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போன ஒருவர் ஐந்து நாள் காய்ச்சலோடு வந்தால், மலேரியாவும் டெங்குவும் பார்க்கும்போதே உடம்பை முழுதும் பாருங்கள். எஸ்கார் இருந்தாலும் சந்தேகம் வலுத்தாலும் டாக்சிசைக்ளினைத் தொடங்குங்கள். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். கர்ப்பத்தில் இந்தக் காய்ச்சல் சிசுவை இழக்கச் செய்யக்கூடியது, அங்கே ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது. வயலிலிருந்து வந்ததும் குளித்து உடுப்பு மாற்றச் சொல்லுங்கள். துணியைப் புதர்மேலும் புல்மேலும் காயப்போடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த அரங்கின் பின்வரிசையில் இருக்கும் விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதுவரை நான் பெயர் சொன்னவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள். கொசுவுக்கு ரேச்சல் ரூபன் செய்ததைச் சிற்றுண்ணிக்கும் யாராவது செய்ய வேண்டும். வேலை இதுதான்: மாலையில் ஏரிக்கரையிலும் களத்துமேட்டிலும் கருவாடு வைத்த பொறிகளைப் போட வேண்டும். காலையில் சிக்கிய எலிகளின் காதுமடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் அப்பியிருக்கும் லார்வாக்களை ஊசி முனையால் எடுத்து, ஒரு எலிக்குச் சராசரி எத்தனை என்று எண்ணி, இனம் பிரிக்க வேண்டும். ஒரே பொறியை ஐப்பசியிலும் சித்திரையிலும் அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயிரியல் பாதுகாப்புப் பயிற்சியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றுவிட்டு, சேர்க்காட்டு ஏரிக்கரையில் தொடங்கலாம். பேருந்துச் செலவு அதிகம் ஆகாது.